ஒரு பட்டனுக்குள் என்ன இருக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் நாளே கற்றுக் கொள்வது, மவுஸைப் பிடித்துப் பட்டனைக் கிளிக் செய்வதுதான். ஓகே, கேன்சல், சேவ் என்று ஒரு நாளில் எத்தனையோ பட்டன்களை அழுத்துகிறோம். ஆனால் திரையில் உண்மையில் அழுத்துவதற்கு எதுவும் கிடையாது. அது வெறும் புள்ளிகளால் ஆன படம். பிறகு எப்படி அந்தப் பட்டன் அமுங்கி எழுகிறது? நாம் அழுத்தியது அதற்கு எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் கொஞ்சம் சுற்று வழியில் போனேன். இன்ஜினியரிங் படித்துக் கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறையில் பொழுதுபோக்காக ஒரு கிராபிக்கல் டூல்கிட் எழுத உட்கார்ந்தேன். பட்டன், எழுதும் பெட்டி, பட்டியல், ஸ்குரோல் பார் போன்ற உறுப்புகளை உருவாக்கித் தரும் சாப்ட்வேர் தொகுப்புக்குத்தான் கிராபிக்கல் டூல்கிட் என்று பெயர். வீடு கட்டுபவர் கதவையும் ஜன்னலையும் கடையில் வாங்கிப் பொருத்துவதுபோல, புரோகிராம் எழுதுபவர் டூல்கிட்டிலிருந்து பட்டனை எடுத்துப் பொருத்துவார். அந்த உறுப்புகளை விட்ஜெட் என்பார்கள்.

நல்ல டூல்கிட்கள் இலவசமாகவே கிடைக்கும்போது நாமே ஏன் எழுத வேண்டும்? வேறு காரணம் எதுவும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசைதான். அந்த ஆசையால் நான் தெரிந்து கொண்டவற்றில், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உதவும் விஷயங்களை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வரைவது எளிது

முதலில் பட்டனை வரைய வேண்டும். திரையின் இடது மேல் மூலைதான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து வலப்பக்கம் எத்தனை புள்ளி, கீழே எத்தனை புள்ளி என்று எண்ணித்தான் எல்லாம் வரையப்படுகிறது. ஒரு பட்டன் இடமிருந்து 100, மேலிருந்து 50 என்ற இடத்தில் தொடங்குகிறது. அகலம் 80, உயரம் 30 புள்ளிகள் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் அது 180, 80 என்ற இடத்தில் முடியும். இதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, நடுவில் பெயரை எழுத வேண்டும்.

பழைய விண்டோஸ் 95ல் பட்டன்கள் மேடுபோலத் துருத்திக் கொண்டு தெரியும். அதன் ரகசியம் நான்கு கோடுகள்தான். மேலேயும் இடப்பக்கமும் வெள்ளைக் கோடு. கீழேயும் வலப்பக்கமும் கறுப்புக் கோடு. மேலிருந்து வெளிச்சம் படுவதாக நம் கண் நினைத்துக் கொள்ளும். அழுத்தும்போது இரண்டு நிறங்களையும் இடம் மாற்றினால் பட்டன் உள்ளே அமுங்கியதுபோலத் தெரியும். ஒரு காகிதத்தில் பென்சிலால் வரைந்து பாருங்கள், உங்களுக்கே புரியும்.

இதை ஒரே மாலையில் முடித்து விட்டேன். டூல்கிட் எழுதுவது இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன்.

ஓயாமல் சுற்றும் லூப்

படம் வரைந்தாகி விட்டது. மவுஸைக் கிளிக் செய்தால் என்ன நடக்கும்? ஆபரேட்டிங் சிஸ்டம் நம் புரோகிராமுக்கு ஒரு சிறு தகவல் அனுப்பும்: "இடது பட்டன் அழுத்தப்பட்டது. இடம் 130, 60." இதை ஈவென்ட் என்பார்கள். கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினால் ஒரு ஈவென்ட். மவுஸை நகர்த்தினால் அதற்கும் ஈவென்ட்.

வந்த ஈவென்ட்கள் எல்லாம் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். புரோகிராமுக்குள் ஒரு லூப் ஓயாமல் சுற்றிக் கொண்டிருக்கும். அது வரிசையில் முதலில் நிற்கும் ஈவென்ட்டை எடுக்கும், யாருக்குரியது என்று பார்க்கும், அவரிடம் கொடுக்கும், மறுபடியும் வரிசைக்கு வரும். அதன் வேலை அவ்வளவுதான்.

யாருக்குரியது என்று எப்படித் தெரியும்? கணக்குதான். 130 என்பது 100க்கும் 180க்கும் நடுவில் இருக்கிறது. 60 என்பது 50க்கும் 80க்கும் நடுவில் இருக்கிறது. எனவே கிளிக் நம் பட்டனுக்குள் விழுந்திருக்கிறது. 200, 60 என்று வந்திருந்தால் பட்டனுக்கு வெளியே. பட்டனுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. நான்கு எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் அறிவு.

அழுத்தும்போதா, விடும்போதா?

கிளிக் என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் இரண்டு ஈவென்ட்கள் உண்டு. விரலால் அழுத்துவது ஒன்று. விரலை எடுப்பது ஒன்று. என் டூல்கிட்டில் அழுத்திய உடனேயே வேலை நடக்கும்படி எழுதியிருந்தேன். அதுதான் வேகம் என்று நினைத்தேன்.

அந்த டூல்கிட்டை வைத்து அப்பாவுக்கு ஒரு வீட்டு வரவு செலவுக் கணக்குப் புரோகிராம் செய்து கொடுத்தேன். அப்பா அதுவரை நோட்டில்தான் கணக்கு எழுதுவார். "இனி நோட்டு எதற்கு, கம்ப்யூட்டரே போதும்" என்று சொன்னதும் நான்தான். அவரும் நம்பி நோட்டை மூடி வைத்து விட்டார். ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் "சேமி" பட்டனை அழுத்தப் போனவர் பக்கத்தில் இருந்த "அழி" பட்டனை அழுத்தி விட்டார். தவறு என்று உடனே தெரிந்து, விரலை எடுக்காமல் மவுஸை அப்பால் நகர்த்தி விட்டு எடுத்திருக்கிறார். அதற்குள் ஒரு மாதக் கணக்கும் போய் விட்டது.

"தப்புன்னு தெரிஞ்சு நகர்த்திட்டுத்தானே விரலை எடுத்தேன், அதுக்குள்ள எப்படிப்பா போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவர் செய்தது சரி. என் பட்டன்தான் தவறு.

உங்கள் கம்ப்யூட்டரில் இதைச் சோதித்துப் பாருங்கள். கால்குலேட்டரைத் திறங்கள். 7 என்ற பட்டன்மேல் மவுஸை வைத்து அழுத்துங்கள், விரலை எடுக்காதீர்கள். பட்டனின் நிறம் மாறும். ஆனால் 7 வராது. அப்படியே மவுஸைப் பட்டனுக்கு வெளியே இழுத்து வந்து விரலை எடுங்கள். இப்போதும் 7 வராது. உள்ளே அழுத்தி உள்ளேயே விட்டால்தான் வேலை நடக்கும். மனிதனுக்குக் கை தவறும், அவனுக்கு ஒரு விநாடி அவகாசம் தர வேண்டும் என்று யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள். தவறான பட்டனை அழுத்தி விட்டால் பதற வேண்டாம். விரலை எடுக்காமல் வெளியே இழுத்து விடுங்கள்.

அன்று இரவே என் பட்டனைத் திருத்தினேன். அழுத்தும்போது "நான் அழுத்தப்பட்டிருக்கிறேன்" என்று குறித்து வைக்கும். விடும்போது மவுஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மட்டுமே வேலையைச் செய்யும். இதற்கு ஐந்தாறு வரிகளே தேவைப்பட்டன. "அழி" பட்டனைச் "சேமி" பட்டனிலிருந்து தள்ளி வைத்தேன். அழித்ததைத் திரும்பக் கொண்டு வரும் அன்டூ வசதியையும் சேர்த்தேன். போன மாதக் கணக்கு போனதுதான்.

"நாட் ரெஸ்பாண்டிங்" என்றால் என்ன?

அடுத்த பாடமும் அப்பாவிடமிருந்துதான் வந்தது. கணக்குகளைப் பென் டிரைவில் காப்பி எடுக்க ஒரு பட்டன் வைத்திருந்தேன். அதை அழுத்தியதும் விண்டோ அசையாமல் நின்றது. வேலை நடக்கவில்லை என்று நினைத்து அப்பா இன்னும் நான்கு முறை அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துப் புரோகிராம் விழித்துக் கொண்டு, மொத்தம் ஐந்து முறை காப்பி எடுத்தது!

காரணம் அந்த லூப்தான். காப்பி எடுக்கும் வேலையை லூப்பின் கையிலேயே கொடுத்திருந்தேன். அது முடியும்வரை அடுத்த ஈவென்ட்டை எடுக்க ஆள் இல்லை. அப்பாவின் நான்கு கிளிக்குகளும் வரிசையில் காத்திருந்தன. திரையைப் புதிதாக வரைவதும் லூப்பின் வேலைதான் என்பதால் விண்டோவும் உறைந்து போனது.

விண்டோஸில் ஒரு புரோகிராம் சுமார் 5 விநாடிகள் ஈவென்ட் வரிசையைப் பார்க்காமல் இருந்து விட்டால், அதன் தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்ற செய்தி வரும். விண்டோவும் வெளுத்துப் போகும். இதற்குப் புரோகிராம் செத்து விட்டது என்று அர்த்தம் இல்லை. லூப் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். பெரிய பைலைத் திறக்கும்போதோ, சேவ் செய்யும்போதோ இப்படி நேர்ந்தால் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். மேலும் மேலும் கிளிக் செய்யாதீர்கள். வெகு நேரமாகியும் வரவில்லை என்றால் மட்டும் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தப் புரோகிராமை நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் சேவ் செய்யாத வேலை போய் விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நல்ல டூல்கிட் எழுதுபவர்கள் நீண்ட வேலைகளைத் திரெட் என்ற தனி இழையில் ஓட விடுவார்கள். லூப் சும்மா இருக்கும். கேன்சல் பட்டனும் வேலை செய்யும். நானும் பிறகு அப்படியே மாற்றினேன்.

"செலவு" ஏன் "சலெவு" ஆனது?

கணக்குப் புரோகிராமில் பட்டன் பெயர்களைத் தமிழில் வைத்தேன். "வரவு", "செலவு". ஓட்டிப் பார்த்தால் "செலவு" என்பது "சலெவு" என்று வந்தது. கடைசி எழுத்தில் உகரக் குறி ஒட்டாமல் தனியே நின்றது.

யூனிகோடு முறையில் "செலவு" என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள்: ச, எகரக் கொம்பு, ல, வ, உகரக் குறி. நினைவகத்தில் ச முதலில், கொம்பு பிறகு. திரையிலோ கொம்பு முதலில் வர வேண்டும். "வு" என்பதற்கு இரண்டு குறியீடுகளும் சேர்ந்து ஒரே உருவமாக மாற வேண்டும். என் டூல்கிட் குறியீடுகளை வரிசையாக, இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக வரைந்து கொண்டே போனது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது.

இந்த வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். 2000ல் வெளியான விண்டோஸ் 2000ல்தான், லதா என்ற எழுத்துருவுடன், விண்டோஸில் யூனிகோடு தமிழ் வந்தது. லினக்ஸ் உலகில் பாங்கோ, ஹார்ப்பஸ் என்ற இலவச லைப்ரரிகள் இதைச் செய்கின்றன. ஆண்ட்ராய்டு போனிலும், பயர்பாக்ஸ், குரோம் பிரவுசர்களிலும், லிப்ரே ஆபீஸிலும் ஹார்ப்பஸ்தான் தமிழ் எழுத்தை ஒழுங்காக அடுக்குகிறது. அதை என் டூல்கிட்டில் இணைத்த பிறகே "செலவு" செலவாகத் தெரிந்தது.

ஒரே பட்டன், பல மொழிகள்

முதலில் எல்லாவற்றையும் சி மொழியில் எழுதினேன். பிறகு அதே பட்டனை வேறு மொழிகளில் எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மொழிகளைக் கற்றுக் கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வேலை ஒன்றே என்பதால் மொழியின் குணம் மட்டும் தனியாகத் தெரியும்.

விண்டோஸில் டூல்கிட் எதுவும் இல்லாமல், சி மொழியில் ஒரு விண்டோவும் ஒரு பட்டனும் கொண்டு வர, லூப்பையும் நாமே எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் ஆகும். கஷ்டம்தான். ஆனால் எதுவும் மறைந்திருக்காது.

சி பிளஸ் பிளஸ் மொழியில் குடும்பம் அமைக்கலாம். விட்ஜெட் என்பது தாய். அதற்கு இடம், அகலம், உயரம் உண்டு. பட்டனும் எழுதும் பெட்டியும் அதன் பிள்ளைகள். தாயிடம் இருப்பதைப் பிள்ளைகளுக்கு மறுபடி எழுத வேண்டியதில்லை.

டிசிஎல் என்ற மொழியை ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988ல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். அதற்குத் துணையாக அவர் எழுதிய டூல்கிட்டின் பெயர் டிகே. அதில் இரண்டே கட்டளைகளில் பட்டன் வந்து விடும். 1991ல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியிலும் இதே டிகேவைப் பயன்படுத்தலாம். அங்கே ஐந்து வரிகள் போதும்.

ஒரு பக்கமா, ஐந்து வரியா, எது நல்லது? கற்றுக் கொள்ள ஒரு பக்கம்; வேலையை முடிக்க ஐந்து வரி. இரண்டையும் செய்தவருக்கு, அந்த ஐந்து வரிகளுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்கும்.

இரண்டு மாணவர்கள் எழுதிய டூல்கிட்

மாணவர்கள் எழுதும் டூல்கிட் எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். அதே பெர்க்கிலியில் 1995ல் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் படித்தார்கள். கம்பைலர் பாடத்துக்காக லிஸ்ப் மொழியில் ஒரு புராஜெக்ட் செய்து கொண்டிருந்தார்கள். ஒருநாள் விடியற்காலையில், தேவைப்பட்ட 17 எம்பி மெமரி கிடைக்காமல் லிஸ்ப் நின்று போனது. இருவரும் வெறுத்துப் போய் அந்த புராஜெக்டைக் கைவிட்டார்கள். சி மொழியில் உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று படங்களைத் திருத்தும் புரோகிராம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் ஜிம்ப்.

முதலில் ஜிம்ப்பின் பட்டன்களுக்கு மோட்டிப் என்ற டூல்கிட்டைப் பயன்படுத்தினார்கள். அது விலை கொடுத்து வாங்க வேண்டியது. இலவசமாகக் கொடுத்த புரோகிராமுக்கு விலை கொடுத்து டூல்கிட் வாங்க எத்தனை பேரால் முடியும்? எனவே மாட்டிஸ் சொந்தமாக ஒரு டூல்கிட் எழுதினார். ஜிம்ப் டூல்கிட் என்பதன் சுருக்கமாக அதற்கு ஜிடிகே என்று பெயர் வந்தது.

1997ல் லினக்ஸுக்காக க்நோம் என்ற டெஸ்க்டாப்பைத் தொடங்கியவர்கள் இந்த ஜிடிகேவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். உபுன்டு லினக்ஸ் போட்டவர்கள் தினமும் பார்க்கும் விண்டோக்களில் பெரும்பாலானவை ஜிடிகே வரைந்தவைதான். அதன் நான்காம் பதிப்பு 2020ல் வந்தது. 2025ல் ஜிம்ப் 3.0 வெளியானது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜிம்ப்பில் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்க ஸ்கிரிப்ட்-பூ என்ற வசதி இருக்கிறது. அதன் மொழி ஸ்கீம். ஸ்கீம் லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்தது! வெறுத்து விட்டுப் போன மொழியின் உறவுக்காரரே வீட்டுக்குள் வந்து விட்டார். எந்த மொழியையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நீங்களும் தொடங்கலாம்

முதலில் ஒரு காகிதம் போதும். அதில் ஒரு விண்டோவும் இரண்டு பட்டன்களும் வரைந்து, மூலையிலிருந்து அளவுகளைக் குறியுங்கள். ஒருவர் ஈவென்ட் சொல்லட்டும்: "அழுத்தினேன், 130, 60. விட்டேன், 200, 60." இன்னொருவர் லூப்பாக இருந்து, எந்தப் பட்டன், வேலை நடக்குமா நடக்காதா என்று சொல்லட்டும். பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடலாம். பாதி டூல்கிட் அதிலேயே புரிந்து விடும்.

அடுத்துப் பைத்தானை இலவசமாக இறக்கி விண்டோஸில் நிறுவுங்கள். அதனுடன் ஐடில் என்ற எழுதும் கருவியும், டிகேவை இயக்கும் டிகின்டர் என்ற பகுதியும் சேர்ந்தே வரும். ஐடிலே டிகின்டரால் செய்யப்பட்டதுதான். ஐடிலைத் திறந்து எப்1 கீயை அழுத்தினால் பைத்தானின் உதவிப் பக்கங்கள் வரும். அதில் டிகின்டர் பகுதியில் உள்ள சிறிய உதாரணத்தை நீங்களே டைப் செய்து ஓட்டிப் பாருங்கள். எந்த வரியில் விண்டோ பிறக்கிறது, எந்த வரியில் பட்டன் உட்காருகிறது என்று தேடுங்கள். கடைசி வரியில் மெயின்லூப் என்ற சொல் இருக்கும். அதுதான் நாம் பார்த்த ஓயாத லூப். அந்த வரியை மட்டும் நீக்கி விட்டு ஒரு முறை ஓட்டினால் என்ன ஆகும் என்று முதலில் யூகியுங்கள், பிறகு சோதியுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. நீங்கள் எழுதும் முதல் புரோகிராமை வீட்டில் யாராவது ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் தவறாக அழுத்தினால் "அப்படி அழுத்தாதீர்கள்" என்று சொல்லாதீர்கள். குறித்துக் கொள்ளுங்கள். என் டூல்கிட்டில் இருந்த பெரிய பிழைகள் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் அப்பா கண்டுபிடித்தவைதான்.

அவர் இப்போதும் கணக்கை அந்தப் புரோகிராமில் ஏற்றுகிறார். ஆனால் முதலில் நோட்டில் எழுதி விட்டுத்தான் கம்ப்யூட்டர் பக்கம் வருகிறார். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எதற்கும் ஒரு காப்பி இருப்பது நல்லதுதானே!